கழற்றி மாட்டும் முன் பதிவைப் படியுங்கள்

கேள்வி: ராஸ்ப்பெரி பை 4 என்ற ஒற்றைப் பலகைக் குட்டிக் கணினியை வீட்டு ரூட்டராக வைத்திருக்கிறேன். இணையம் பலகையில் உள்ள ஈதர்நெட் வழியாக வருகிறது. வீட்டுக்குள் போகும் கேபிள், ரியல்டெக் 8153 சிப் உள்ள யுஎஸ்பி-ஈதர்நெட் அடாப்டரில் இருக்கிறது. ஒரு ஹார்டு டிஸ்கும் யுஎஸ்பியில் உண்டு. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அடாப்டர் உறைந்துவிடுகிறது. கழற்றி மாட்டினால் சரியாகிறது. டிரைவரை, அதாவது அடாப்டரை இயக்கும் மென்பொருளை, மாற்ற வேண்டுமா?

பதில்: டிரைவருக்குப் பிறகு வருவோம். முதலில் கழற்றி மாட்டுவதை நிறுத்துங்கள். அடாப்டர் தானாக அறுந்துபோனாலும் நீங்கள் பிடுங்கினாலும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் பதிவில் ஒரே 'டிஸ்கனெக்ட்' வரிதான் விழும். பிறகு எது யார் வேலை என்று பிரிப்பது கடினம். ரீபூட் செய்தாலோ அந்தப் பதிவே போய்விடும். அடுத்த முறை உறையும்போது பையின் வைஃபை வழியாகவோ, கீபோர்டும் திரையும் மாட்டியோ உள்ளே நுழைந்து அந்தப் பதிவைக் காட்டும் 'டிமெஸ்ஜி' (dmesg) கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள்.

நீங்கள் தொடாமலே 'டிஸ்கனெக்ட்' என்று இருந்தால், பெரும்பாலும் மின்சாரமோ கேபிளோதான் காரணம். அப்படி எதுவும் இல்லாமல் 'நெட்டெவ் வாட்ச்டாக்' (NETDEV WATCHDOG), 'டிரான்ஸ்மிட் கியூ டைம்டு அவுட்' (அனுப்ப வேண்டியது வரிசையிலேயே தேங்கிவிட்டது) என்று இருந்தால், அடாப்டர் இருந்த இடத்திலேயே வாய் மூடிவிட்டது. அங்கேதான் டிரைவர், தூக்கநிலை, சூடு எல்லாம் விசாரணைக்கு வரும்.

உங்கள் அமைப்பில் எனக்கு முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். பை 4-இன் யுஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதில் பெரும் பங்கை விழுங்கிவிடும். பலகைக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை அதைக் குறித்துவைக்கும். 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு' (vcgencmd get_throttled) என்ற கட்டளையால் கேளுங்கள். விடை பூஜ்யம் என்றால், தொடங்கியதிலிருந்து ஒருமுறையும் குறையவில்லை. 50000 என்று முடிந்தால் எப்போதோ குறைந்தது. 50005 என்றால் இந்த நொடியிலும் குறைவு.

இதே கோளாறுக்காக நான் ஒரு வாரம் டிரைவர்களை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். சார்ஜரில் 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்ததால் அதைச் சந்தேகிக்கவே இல்லை. குற்றவாளி, சார்ஜருக்கும் பலகைக்கும் நடுவே கிடந்த மெல்லிய, நீளமான கேபிள். வழியிலேயே வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. பையின் சொந்த சார்ஜர் 5-க்குப் பதில் 5.1 வோல்ட் தருவது இந்த இழப்பை ஈடுகட்டத்தான். ஆகவே நல்ல சார்ஜரும் நல்ல கேபிளும் போடுங்கள். ஹார்டு டிஸ்கைத் தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப்புக்கு (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டி) மாற்றுங்கள்.

மின்சாரம் சுத்தமாக இருந்தும் உறைகிறதா? சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியைக் கர்னல் தூங்க வைக்கலாம். சில அடாப்டர்கள் அதன்பின் எழுவதில்லை. பை தொடங்கும்போது படிக்கும் 'சிஎம்டிலைன்' (cmdline.txt) கோப்பில் 'யுஎஸ்பிகோர் ஆட்டோசஸ்பெண்ட்' (usbcore.autosuspend) மதிப்பை -1 ஆக்கி ரீபூட் செய்யுங்கள். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும். நடுவில் எண்டர் தட்டிவிடாதீர்கள்.

பிறகு டிரைவர். யுஎஸ்பி கருவிகளை மரமாகக் காட்டும் பட்டியலில் (lsusb -t) அடாப்டருக்கு எதிரே அதன் சொந்த டிரைவரான 'ஆர்8152' (r8152) இருக்க வேண்டும். 'சிடிசி ஈதர்' (cdc_ether) என்று இருந்தால் பொது டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது. கர்னலைப் புதுப்பித்துப் பாருங்கள். அடாப்டரைத் தொட்டும் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் பலகையோடு ஒட்டாமல் சிறு நீட்டிப்புக் கேபிளில் தொங்கவிடுங்கள்.

இணைப்பு அறுந்தால் யுஎஸ்பி துளையின் மின்சாரத்தை அணைத்துப் போடும் ஸ்கிரிப்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பை 4-இல் எல்லாத் துளைகளும் ஒன்றாகத்தான் அணையும். அதே துளைகளில் இருக்கும் ஹார்டு டிஸ்க், பாதி எழுதிய கோப்போடு நின்றுவிடும். அதை ஹப்புக்கு மாற்றும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.