கரண்ட் போனால் சுவடி என்னாகும்?

கேள்வி: எங்கள் நூலகத்தில் ஓலைச்சுவடிகளை ஏ.சி. அறையில் வைத்திருக்கிறோம். அடிக்கடி மின்வெட்டு. இன்வெர்ட்டர் வாங்கினால் போதுமா? — ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வீட்டு இன்வெர்ட்டரில் ஏ.சி.யை ஓட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒன்றரை டன் ஏ.சி. சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. ஒரு மணி நேர மின்வெட்டுக்குப் பதறவும் வேண்டாம். கதவைச் சாத்தியே வையுங்கள். துணியில் சுற்றிப் பெட்டியில் இருக்கும் சுவடிக்குள் ஈரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. எனக்கு இதைவிடப் பயம், மாலையானதும் ஏ.சி.யை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் பழக்கம்தான். தினமும் ஈரப்பதம் ஏறி இறங்கினால் ஓலை வளையும், வெடிக்கும்.

ஆபத்து நீண்ட இருட்டில்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கரண்ட் வர எத்தனை நாளானது என்று உங்களுக்கே தெரியும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதைத் தடுக்கச் சின்ன ஜெனரேட்டரும் ஈரம் உறிஞ்சும் எந்திரமும் போதும். அந்த எந்திரம் சில நூறு வாட்தான் கேட்கும். தீ எச்சரிக்கை மணிக்கு மட்டும் தனி பேட்டரி வேண்டும்.

அப்புறம், எந்த பேட்டரியையும் சுவடி அறைக்குள் வைக்காதீர்கள். ஓரிடத்தில் அலமாரிக்கு அடியிலேயே பார்த்தேன்! இன்வெர்ட்டருக்கு வழக்கமாக வைக்கும் ஈய-அமில பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் அமில ஆவியும் வெளிவரும். ஜெனரேட்டர் புகையும் ஜன்னல் பக்கம் வரக்கூடாது. மாதம் ஒருமுறை ஜெனரேட்டரை லோடு கொடுத்தே, அதாவது எந்திரத்தை அதில் இணைத்தே ஓட்டிப் பாருங்கள். சும்மா ஸ்டார்ட் செய்து அணைப்பது சோதனையில் சேராது.