ஹேமக்கில் படுத்தால் முதுகு ஏன் விறைக்கிறது?

கேள்வி: டிசம்பர் முதல் வாரம் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் தனியார் தோட்டம் ஒன்றில் ஹேமக் (இரு மரங்களுக்கு நடுவே தொங்கும் துணிப்படுக்கை) கட்டித் தூங்கப்போகிறோம். போன முறை '0 டிகிரி' என்று போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தும் முதுகும் இடுப்பும் விறைத்துவிட்டன. இரவு மழையில், மேலே தார்ப்பாய் இருந்தும் ஹேமக் நனைந்தது. இன்னும் தடிமனான பேக் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசை உங்களுக்கு அடியில் செலவழியுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தருவதில்லை. உப்பி நிற்கும் பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. நீங்கள் படுத்ததும் முதுகுக்கடியில் அந்தப் பஞ்சு நசுங்கி வெறும் துணியாகிவிடும். ஹேமக்குக்குக் கீழேயும் காற்று ஓடுவதால், நசுங்கிய இடத்தின் வழியே சூடு விடியவிடியப் போய்க்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போட்டாலும் இது நிற்காது. பேக்கில் போட்டிருக்கும் டிகிரியும் பெரும்பாலும் 'லிமிட்' அளவு, அதாவது குளிரைத் தாங்கக்கூடிய எல்லை. நிம்மதியாகத் தூங்குவதற்கான 'கம்ஃபர்ட்' அளவு அதைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாக இருக்கும். அதுவும் அடியில் ஒரு மேட் விரித்துச் சோதித்த கணக்கு.

செலவு குறைந்த வழி ஈ.வி.ஏ. ஃபோம் மேட் (நுரைப் பாய்). 1.5 முதல் 2 செ.மீ. தடிமன் வேண்டும், 6 மி.மீ. யோகா மேட் மட்டும் மேல்மலைக் குளிருக்குப் பத்தாது. ஹேமக்கின் துணி இரு பக்கமும் தோளை அழுத்துவதால், 60 செ.மீ. அகல மேட் தோளுக்கு எட்டாது. 1 மீட்டர் நீளமும் 50 செ.மீ. அகலமும் உள்ள இன்னொரு துண்டைத் தோளுக்கடியில் குறுக்காகப் போடுங்கள். மேட் வழுக்கி ஓடாமலிருக்க அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே செருகிவிடலாம். இரட்டை அடுக்கு ஹேமக் என்றால் இரண்டு அடுக்குக்கும் நடுவில் வையுங்கள்.

வசதியானது அண்டர்குவில்ட், அதாவது ஹேமக்குக்கு அடியில் கட்டும் பஞ்சு மெத்தைப் போர்வை. ஹேமக்குக்கு வெளியே தொங்குவதால் உங்கள் எடை அதை நசுக்காது. வாங்கினவர்களில் பலர் தவறுவது கட்டும் விதத்தில்தான். படுத்துக்கொண்டு, நண்பரை ஹேமக்குக்கும் குவில்ட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை இரண்டையும் தொட வேண்டும், ஆனால் இறுக்கமாக இருக்கக் கூடாது. இடுப்பருகே பள்ளம் விழுந்தால் அங்கே குளிர்காற்று சுழலும். எலாஸ்டிக் கயிற்றைக் கொஞ்சம் சுருக்குங்கள். அதிகம் சுருக்கினால் பஞ்சு நசுங்கி, மறுபடி பழைய கதைதான். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சுருக்குக் கயிற்றை இழுத்துக் குவில்ட்டை மூடவும் மறக்காதீர்கள். மேல்மலையின் மூடுபனிக்கு சிந்தெடிக் பஞ்சே நல்லது. வாத்து இறகு ஈரமானால் உப்பாது. வெள்ளிநிற எமர்ஜென்சி தாளை முதுகோடு ஒட்டிக் கட்டாதீர்கள். வியர்வை வெளியேற வழியில்லாமல், மழையே பெய்யாமல் நனைந்து கிடப்பீர்கள்.

இனி ஈரம். மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. மரத்தில் வழியும் நீர், ஹேமக்கை மரத்தோடு கட்டும் பட்டையான ஸ்ட்ராப்பைப் பிடித்துக்கொண்டு, தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து, நேராகத் துணிக்குள் இறங்கும். கால்மாடும் தலைமாடும் முதலில் நனைந்திருந்தால் இதுதான் காரணம். ஹேமக் கயிற்றில் இரு பக்கமும், தார்ப்பாய் விளிம்புக்கு ஒரு சாண் உள்ளே, ஒரு பருத்தி நூலையோ பழைய ஷூ லேஸையோ இறுக்கி முடிந்து 10 செ.மீ. தொங்கவிடுங்கள். வரும் நீர் அதன் வழியே கீழே சொட்டிவிடும். ஐந்து ரூபாய்கூட ஆகாத வேலை.

3.3 மீட்டர் ஹேமக்கைச் சரியாகக் கட்டினால் இரு முனைகளுக்கும் இடையே சுமார் 2.75 மீட்டர் இருக்கும், அதாவது நீளத்தில் 83 சதவீதம். ஸ்ட்ராப் 30 டிகிரி சரிவில் நிற்கும். உட்காரும் இடம் நாற்காலி உயரத்தில், 45 செ.மீ. அளவில் இருக்கும். இறுக்கி இழுத்துக் கட்டினால் வாழைப்பழம்போல் வளைந்துதான் படுக்க முடியும். தளர்வாக இருந்தால் மூலைக்கு மூலை சாய்ந்து, முதுகு கிட்டத்தட்ட நேராகக் கிடக்கும். இதற்குத் தார்ப்பாய் குறைந்தது 3.3 மீட்டர் நீளம் வேண்டும். அகலப் பக்கம் காற்றைப் பார்க்கட்டும், திறந்த முனை வேண்டாம். டிசம்பரில் பொதுவாக வடகிழக்குக் காற்று. மலை மடிப்பில் அது திரும்பும் என்பதால் இடத்தில் நின்று பார்த்து, காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள். நைலான் தார்ப்பாய் நனைந்தால் தொய்யும். படுக்கும் முன் ஒருமுறை முறுக்கேற்றுங்கள்.

பள்ளத்தாக்கின் அடியில் கட்டாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் அங்கேதான் தேங்கி உறைபனியாகிறது. சரிவில் கொஞ்சம் மேலே ஏறினாலே வித்தியாசம் தெரியும். யூகலிப்டஸ் மரத்தில் காய்ந்த கிளை தலைக்கு நேரே இருந்தால் வேறு மரம் பாருங்கள். ஸ்ட்ராப் குறைந்தது 2.5 செ.மீ. அகலம் இருக்கட்டும்.

சமைக்கும்போது போட்டிருந்த சட்டையோடு படுக்காமல், காய்ந்த உடையும் சாக்ஸும் குல்லாயும் தனியாக வைத்திருங்கள். மூச்சை பேக்குக்குள் விடாதீர்கள், அந்த ஈரம் பஞ்சில்தான் தங்கும். வெந்நீர் நிரப்பிய 1 லிட்டர் பாட்டிலைச் சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். கடையில் தண்ணீர் வாங்கிய பாட்டிலில் மட்டும் கொதிநீர் ஊற்றாதீர்கள். சுருங்கி மூடி ஒழுகி, இவ்வளவு பாடுபட்டுக் காத்த பேக்கை உள்ளேயிருந்தே நனைத்துவிடும்.