விடிகாலையில் தூண்டில் போட்டால் சிக்காது

சத்துவாச்சாரியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள குட்டையில் மூன்று ஞாயிறு விடிகாலை 5 மணிக்கே உட்கார்ந்தும், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறதே தவிர இரையைத் தொடவில்லை என்கிறீர்கள். அது பசி இல்லை நண்பரே, மூச்சுமுட்டல். சாக்கடை கலந்து பச்சையாகிப்போன தண்ணீரில், பாசி ராத்திரி முழுக்க ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியும்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். வெயில் பட்டால் அதே பாசி ஆக்சிஜனை வெளிவிடும். ஒன்பது மணிக்குப் போங்கள். வேலூர் வெயில் இதற்காவது உதவட்டும்.

அப்புறம், எப்போதாவது கடித்தாலும் புழு மட்டும் காணாமல் போகிறது என்றீர்களே, அது ஜிலேபி மீனின் வேலை. அதற்குச் சின்ன வாய். விரால் மீனுக்குக் கட்டும் பெரிய தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு இருப்பதிலேயே பொடி முள்ளைக் கட்டுங்கள். பரோட்டாவுக்குப் பிசைவதைவிடக் கெட்டியாக மைதாவைப் பிசைந்து, முள்முனை மறையும் அளவுக்கு மட்டும் ஒட்டுங்கள். மேலே மிதக்கும் தக்கை பெரிதாக இருந்தால் கடி தெரியாது. நான் சோளத்தட்டை நெட்டியில் விரல் நீளம் நறுக்கிக்கொள்வேன். அது லேசாகச் சாய்ந்தாலே சுண்டிவிட வேண்டும், முழுகட்டும் என்று காத்திருந்தால் மைதா போய்விடும்.

குட்டையின் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சாக்கடைத் தண்ணீர் என்பதால் குழம்பு ஆசை வேண்டாம்.