ஆங்கிலம்–போலிஷ் மொழிபெயர்ப்பு படிக்க விரும்பும் மகள்: கவலையுறும் ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

போலந்தின் கிராக்கோவ் நகரிலிருந்து தாங்கள் எழுதிய கடிதத்தை இருமுறை படித்தேன். தொடக்கப்பள்ளியிலிருந்தே போலிஷ் வழியில் பயின்று, வரும் மே மாதம் மத்தூரா என்னும் பள்ளியிறுதித் தேர்வு எழுதவிருக்கும் தங்கள் மகள், தாங்கள் எண்ணியிருந்த கணினிப் பொறியியலை விட்டுவிட்டு ஆங்கிலம்–போலிஷ் மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுக்க நினைப்பதும், கைப்பேசியே நொடியில் மொழிபெயர்த்துத் தரும் காலத்தில் இப்படிப்பு சோறு போடுமா என்று தாங்கள் தவிப்பதும் எனக்கு நன்கு விளங்குகின்றன. தங்கள் அச்சத்தில் ஒரு பங்கு நியாயமானது. விடுதி விளம்பரங்கள், பொருள் விவரங்கள், அன்றாட மின்னஞ்சல்கள் போன்ற பொதுவான எழுத்துக்கு இன்று இயந்திரமே முதல் வரைவைத் தந்துவிடுகிறது. மனிதருக்கு அதைத் திருத்தும் வேலையே, அதுவும் குறைந்த கூலிக்கு, வருகிறது. இரண்டு மொழிகள் தெரியும் என்பதை மட்டும் மூலதனமாகக் கொண்டு இத்தொழிலுக்குள் நுழைவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஆனால் இத்தொழிலின் கடினமான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பவர்’ என்ற ஒரே சொல் மின்பொறியாளருக்கும் கணித ஆசிரியருக்கும் அரசியல் எழுத்தாளருக்கும் பொதுவானது. போலிஷில் இயந்திரத்தின் திறன் ‘மோட்ஸ்’, கருவிக்கு வரும் மின்வழங்கல் ‘ஜாஷிலானியே’, கணிதத்தில் அடுக்கு ‘போதெங்கா’, ஆட்சியதிகாரம் ‘வ்வாட்சா’. முழு வாக்கியம் கிடைத்தால் இயந்திரம் பெரும்பாலும் சரியானதையே தேர்ந்தெடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பில் வாக்கியம் எப்போதும் கிடைப்பதில்லை. கட்டுப்பாட்டுப் பலகையின் பொத்தான்களுக்கான சொற்பட்டியலில் ‘ஓப்பன்’ என்று மட்டும் இருக்கும். அது ‘திற’ என்ற கட்டளையா, ‘திறந்திருக்கிறது’ என்ற நிலையா? நிலையென்றால் திறந்திருப்பது எது? போலிஷில் குழாய் வால்வு ஆண்பால், வாயிற்கதவு பெண்பால், சன்னல் அஃறிணை. அதற்கேற்ப அச்சொல் ‘ஒட்ஃபார்த்தி’, ‘ஒட்ஃபார்த்தா’, ‘ஒட்ஃபார்த்தே’ என மூன்று விதமாக முடியும். மூலத்தில் இல்லாத செய்தியைக் கேட்டுப் பெற்ற பிறகே ஒற்றைச் சொல்லைக்கூட எழுத முடிகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரே மொழிபெயர்ப்பாளர்.

எண்ணும் பெயரும் சேரும் இடம் இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் மென்பொருள் எழுதுவோர் ஒருமை, பன்மை என இரண்டு வடிவங்களோடு நின்றுவிடுகிறார்கள். போலிஷில் ஒரு கோப்பு ‘ப்ளிக்’. 2, 3, 4 கோப்புகள் ‘ப்ளிகி’. 5 முதல் 21 வரை ‘ப்ளிகுஃப்’. 22, 23, 24 வந்ததும் மீண்டும் ‘ப்ளிகி’. காகிதக் கட்டைக் குறிக்கும் பழைய சொல்லான ‘ப்ளிக்’ கணினிக்குள் புகுந்த விதம், நம் ‘கோப்பு’ புகுந்த விதத்தைப் போன்றதே. எட்டு வேற்றுமைகளை வீட்டுமொழியிலேயே பழகிய பெண்ணுக்குப் போலிஷின் ஏழு வேற்றுமைகள் அயலாகத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

தோற்றத்தால் ஏமாற்றும் சொற்களும் உண்டு. ஆங்கிலத்தின் ‘டேட்டா’ போலிஷில் ‘டானெ’ ஆகும். ‘டேட்டா’வின் அதே எழுத்துகளைக் கொண்ட போலிஷ்ச் சொல்லுக்குத் தேதி என்று பொருள். கடை ரசீது ‘பாராகோன்’. ரசீதின் ஆங்கிலப் பெயரை ஒத்தொலிக்கும் ‘ரெட்செப்டா’ மருத்துவர் தரும் மருந்துச் சீட்டு. நிதி அறிக்கையில் வரும் ஆங்கில ‘பில்லியன்’ போலிஷில் ‘மில்யார்ட்’. ‘பிலியோன்’ என்று எழுதினால் தொகை ஆயிரம் மடங்காகிவிடும். விபத்திலிருந்து காக்கும் ‘சேஃப்டி’, அத்துமீறலிலிருந்து காக்கும் ‘செக்யூரிட்டி’ ஆகிய இரண்டுக்கும் போலிஷில் பொதுவாக வழங்குவது ஒரே சொல் என்பதால், தொழிற்சாலைக் கையேட்டில் இரண்டும் ஒரே வரியில் வரும்போது, அங்கே எந்த ஆபத்து பேசப்படுகிறது என்று அறிந்தவரே வாசகர் குழம்பாதபடி எழுத முடியும்.

இந்த வேலைக்குச் சட்டத்தின் ஆதரவும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் போலிஷ் மொழிச் சட்டப்படி, போலந்தில் நுகர்வோருக்கு விற்கும் பொருள்களின் பயன்பாட்டுக் கையேடும் உத்தரவாத நிபந்தனைகளும் போலிஷில் இருக்க வேண்டும். 2004-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததிலிருந்து, ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளுள் போலிஷும் ஒன்று. ஒன்றியத்தின் ‘இயாட்டே’ என்னும் கலைச்சொல் தரவுத்தளம் இணையத்தில் அனைவருக்கும் திறந்திருக்கிறது. தங்கள் மகள் இப்போதே அதில் பழகத் தொடங்கலாம்.

ஆகவே, அவளைப் பொறியியலுக்குள் தள்ள வேண்டாம் என்பதும், மொழிபெயர்ப்பை மட்டும் தனியே படிக்க விட வேண்டாம் என்பதும் என் கருத்து. 1364-இல் தோன்றிய, தங்கள் ஊரிலேயே உள்ள யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்திலும், வார்சா பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு மொழியியல் நிறுவனத்திலும், போஸ்னான் நகரின் ஆடம் மிட்ஸ்கியேவிச் பல்கலைக்கழகத்திலும் மொழிபெயர்ப்பைப் பயிலும் வாய்ப்பு உண்டு. இளநிலைப் படிப்பின்போதே மருத்துவக் கருவிகள், எரிசக்தி, சட்டம் என ஏதேனும் ஒரு துறையை அவள் தனக்கென வரித்துக்கொண்டு, அதன் பாடநூல்களை இரு மொழிகளிலும் படிக்க வேண்டும். மத்தூராவில் ஆங்கிலத்தையும் போலிஷையும் விரிவுநிலையில் எழுதுவதோடு, இயற்பியலோ உயிரியலோ ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பொறியாளராகிய தாங்கள் மாதம் ஒருமுறை அவளோடு ஒரு தொழில்நுட்ப ஆவணத்தைப் படித்தால், எந்தப் பல்கலைக்கழகத்திலும் எளிதில் கிடைக்காத பயிற்சி அவளுக்குக் கிட்டும்.

குடியுரிமையைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஆயினும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நீதிமன்ற ஆவணங்களின் மொழிபெயர்ப்புக்குச் சான்றளிக்கும் உறுதிமொழி மொழிபெயர்ப்பாளர் பணி, 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், நீதி அமைச்சகத்தின் தேர்வில் வென்றவருக்கே கிடைக்கும். அதற்குப் போலந்து அல்லது ஒன்றிய நாடொன்றின் குடியுரிமையே நேரான வழி; பிற நாட்டவருக்குப் பரஸ்பர உரிமை (அவர்கள் நாடும் போலந்துக் குடிமக்களுக்கு அதே உரிமையைத் தர வேண்டும்) என்ற நிபந்தனை குறுக்கே நிற்கிறது. ஒன்றிய நிறுவனங்களின் நிரந்தர மொழிபெயர்ப்பாளர் பணிக்கும் ஒன்றியக் குடியுரிமை பொதுவான தகுதியாகும். குடும்பமாக இந்தியக் கடவுச்சீட்டைத் தொடர்வதா என்ற முடிவு இவ்விரு கதவுகளையும் நேரடியாகப் பாதிக்கும். நிரந்தர வசிப்புரிமை இருந்தால், அரசுப் பல்கலைக்கழகங்களில் போலிஷ் வழி முழுநேரப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு சோதனை. தங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தின் கையேட்டை ஆங்கிலத்திலும் போலிஷிலும் எடுத்து, போலிஷ்ப் பகுதியை மூடி வைத்துவிட்டு, ஆங்கிலத்தின் முதல் இரண்டு பக்கங்களை அகராதியின் துணையோடு, இயந்திர மொழிபெயர்ப்பைத் தொடாமல், அவளைப் போலிஷில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அச்சிட்ட போலிஷோடு ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வொரு சொல்லுக்கும் எது சரி, ஏன் சரி என்று அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். அந்த வேலையில் அவள் நேரம் போவது தெரியாமல் அமர்ந்திருந்தாளா என்பதைத் தாங்களே பாருங்கள். குறிப்பேட்டை எனக்கும் அனுப்பி வையுங்கள், நான் வரிவரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.