ஆஸிலாஸ்கோப்பில் அளந்தால் ஆர்எஃப் ஆம்ப்ளிஃபையர் 11 வாட் தருகிறது, பவர் மீட்டரோ 5 வாட் என்கிறது. எதை நம்புவது?

நீங்கள் கொடுத்த விவரத்தை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 28 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும், நீங்களே கட்டிய ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை) ஆம்ப்ளிஃபையர். சப்ளை 13.8 வோல்ட், இழுக்கும் கரண்ட் 0.7 ஆம்பியர். அவுட்புட்டில் 50 ஓம் டம்மி லோட், அதாவது ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிச் சூடாக்கும் ரெசிஸ்டர். அங்கே ஒரு டி-கனெக்டர் போட்டு, 1 மீட்டர் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள் வழியாக 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் இன்புட்டுக்கு நேராகக் கொண்டுபோயிருக்கிறீர்கள். திரையில் 66 வோல்ட் பீக்-டு-பீக், அதாவது அலையின் கீழ் உச்சத்திலிருந்து மேல் உச்சம் வரை.

ஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்னாலேயே கணக்கு உதைக்கிறது. 13.8 வோல்ட்டையும் 0.7 ஆம்பியரையும் பெருக்கினால் 9.66 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். 50 ஓம் லோடில் சைன் அலை என்றால், பீக்-டு-பீக் வோல்ட்டை வர்க்கமாக்கி 400-ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். 66-இன் வர்க்கம் 4356, வகுத்தால் 10.9 வாட். உள்ளே போனதைவிட வெளியே அதிகம் வரும் ஆம்ப்ளிஃபையரை இன்னும் யாரும் கட்டவில்லை. 5 வாட் என்றால் திறன் 52 சதவீதம். லீனியர் ஆம்ப்ளிஃபையருக்கு இது வழக்கமான எண்தான். ஆகவே மீட்டர் சொல்வது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. யார் அவுட்புட் பவரைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது சப்ளை கரண்ட் எவ்வளவு என்றுதான். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, 66 வோல்ட் எங்கிருந்து வந்தது? உங்கள் ஸ்கோப் பழுதில்லை. தன் இன்புட்டில் உண்மையிலேயே இருக்கும் வோல்ட்டேஜைத்தான் அது காட்டுகிறது. லோடின் மேல் இருக்கும் வோல்ட்டேஜ் வேறு, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேபிள்தான் ஆள்.

ஆர்ஜி-58-இல் அலை, வெற்றிடத்தில் போகும் வேகத்தில் 66 சதவீதம்தான் போகும். 28 மெகாஹெர்ட்ஸில் கேபிளுக்குள் ஒரு அலைநீளம் சுமார் 7 மீட்டர். உங்கள் 1 மீட்டர் என்பது அதில் 51 டிகிரி. ஸ்கோப்பின் இன்புட் 1 மெகாஓம், அதாவது கேபிளின் மறுமுனை கிட்டத்தட்ட திறந்தே கிடக்கிறது. திறந்த முனைக்குப் போன அலை அப்படியே திரும்பி வரும். போகிற அலையும் வருகிற அலையும் அந்த முனையில் ஒன்றுசேர்ந்து வோல்ட்டேஜை ஏற்றிவிடும். கேபிளின் தொடக்கத்தில் இருப்பதைப் போல 1.6 மடங்கு, ஸ்கோப் இன்புட்டின் 15 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸையும் சேர்த்தால் 1.9 மடங்கு வரைக்கும். கேபிளை 1.65 மீட்டர் பக்கம் நீட்டியிருந்தால் கால் அலைநீளத்தை நெருங்கி, எண் இன்னும் விபரீதமாகப் போயிருக்கும்.

"அப்படியானால் 1.9-ஆல் வகுத்துவிடலாமே" என்று தோன்றும். அதுவும் முடியாது. முனை திறந்த அந்தக் கேபிள், லோடின் பக்கம் இருந்து பார்த்தால் ஒரு கெப்பாசிட்டர். அதன் ரியாக்டன்ஸ் (ஏசிக்கு அது காட்டும் தடை) வெறும் 40 ஓம், ஸ்கோப்பையும் சேர்த்தால் இன்னும் குறைவு. 50 ஓம் லோடுக்கு இணையாக அப்படியொன்றை மாட்டினால் உங்கள் ஆம்ப்ளிஃபையர் பார்ப்பது 50 ஓமே இல்லை. அளக்கப் போன இடத்தில் அளக்க வேண்டியதையே மாற்றிவிட்டோம். கேபிளைக் கழற்றியதும் கரண்ட் 0.7-இலிருந்து மாறுகிறதா என்று பாருங்கள், நிச்சயம் மாறும்.

இதற்கு நான் பழகிவிட்ட வழி ஒன்று உண்டு, செலவும் கிடையாது. 820 ஓம் ரெசிஸ்டர் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் ஃபிலிம் அல்லது மெட்டல் ஃபிலிம், கால் வாட் போதும். மூன்றையும் வரிசையாக, கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி, ஒன்றோடொன்று பற்றவையுங்கள். ஒரு முனை டம்மி லோடின் சிக்னல் வரும் முனையில். மறுமுனை கோஆக்ஸின் நடுக்கம்பியில். கோஆக்ஸின் வலையை டம்மி லோடின் கிரவுண்டிலேயே நேராகப் பற்றவைக்க வேண்டும், வால் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஸ்கோப் முனையில் 50 ஓம் டெர்மினேஷன், அதாவது கேபிளை முடித்துவைக்கும் 50 ஓம் ரெசிஸ்டர், கட்டாயம். ஸ்கோப்பிலேயே 50 ஓம் இன்புட் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஊடாகச் செல்லும் 50 ஓம் டெர்மினேட்டரை இன்புட்டில் செருகிவிட்டு அதில் கேபிளை மாட்டுங்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், 2460 ஓமும் 50 ஓமும் சேர்ந்து 50.2-க்கு 1 என்ற பிரிப்பான் ஆகிவிட்டன. கேபிளின் முனை சரியாக முடிக்கப்பட்டிருப்பதால் அலை திரும்பி வராது, நீளம் 1 மீட்டரா 3 மீட்டரா என்பது இந்த அலைவரிசையில் பெரிய விஷயமில்லை. லோடுக்கு இணையாக 2500 ஓம்தான் சேருகிறது, 50 ஓம் 49 ஓம் ஆகும், அவ்வளவே. 5 வாட்டுக்கு லோடில் 44.7 வோல்ட் பீக்-டு-பீக் இருக்கும், ஸ்கோப்புக்கு வருவது 0.89 வோல்ட். மூன்று ரெசிஸ்டரும் சேர்ந்து 0.1 வாட்தான் தின்னும். ஒரே 2.4 கிலோஓம் ரெசிஸ்டர் போடாமல் மூன்றாகப் பிரிப்பது ஏன் என்றால், ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் இரு முனைகளுக்கிடையே அரை பிகோஃபாரட் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். வரிசையாகப் போட்டால் அது மூன்றில் ஒன்றாகக் குறையும்.

கையில் 30 டெசிபெல் பவர் அட்டெனுவேட்டர் இருந்தால் இந்த வேலையும் வேண்டாம், டம்மி லோடும் வேண்டாம். ஆம்ப்ளிஃபையரை நேராக அதில் மாட்டி, மறுபக்கத்தை 50 ஓம் இன்புட்டில் கொடுங்கள். 5 வாட் 5 மில்லிவாட் ஆகிவிடும், திரையில் 1.41 வோல்ட் பீக்-டு-பீக். எந்தப் பக்கம் இன்புட் என்று மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள். பெரிய அட்டெனுவேட்டர்கள் பலவும் ஒரு பக்கம்தான் சூட்டைத் தாங்கும். இன்னொன்று, ஸ்கோப்பின் 50 ஓம் இன்புட் பொதுவாகத் தாங்குவது 5 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது அரை வாட். ஆம்ப்ளிஃபையரை நேராக அதில் சொருகினால் உள்ளே இருக்கும் ரெசிஸ்டருக்கு அன்றோடு வேலை முடிந்தது.

"ப்ரோப் இருக்கிறதே, அதை வைத்து அளந்தால் என்ன" என்று அடுத்து கேட்பீர்கள். அளக்கலாம். ஆனால் சிக்னலைக் குறைக்காமல் அப்படியே அனுப்பும் 1 எக்ஸ் நிலையில் தொடவே தொடாதீர்கள். பெரும்பாலான ப்ரோப்களில் அந்த நிலையின் பேண்ட்விட்த் (சரியாகக் காட்டக்கூடிய அலைவரிசை எல்லை) 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸ்தான், நுனியில் 100 பிகோஃபாரட் அளவுக்குத் தொங்கும். பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10 எக்ஸில் வைத்தால் 10 மெகாஓம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது டிசிக்கு. நுனியின் 12 பிகோஃபாரட் 28 மெகாஹெர்ட்ஸில் வெறும் 470 ஓம். 50 ஓம் லோடின் மேல் வைத்தால் அது ஒன்றும் செய்யாது. டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் டியூன் செய்த சுற்றில் வைத்தால் டியூனிங்கே ஓடிவிடும். ப்ரோப் வைத்தால் நன்றாக வேலை செய்கிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது என்று புலம்புகிறவர்கள் எல்லாம் இந்த ரகம்.

ப்ரோப்பில் உண்மையான வில்லன் முதலைவாய் கிளிப்போடு தொங்கும் அந்தக் கறுப்பு வயர். 15 சென்டிமீட்டர் வயர் என்றால் சுமார் 150 நானோஹென்றி. நுனியின் 12 பிகோஃபாரட்டோடு சேர்ந்து அது 120 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரெசனன்ஸ் ஆகும். 28 மெகாஹெர்ட்ஸில் இதனால் வோல்ட்டேஜ் 6 சதவீதம் கூடக் காட்டும், பவர் கணக்கில் 12 சதவீதம். 50 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் வோல்ட்டேஜ் 20 சதவீதத்துக்கு மேல் கூடி, பவர் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகத் தெரியும். ப்ரோப்போடு ஒரு குட்டி ஸ்பிரிங் கொடுப்பார்கள், பலர் என்னவென்று தெரியாமலே பெட்டியில் விட்டுவிடுவார்கள். நுனியின் மேல்தொப்பியைக் கழற்றி, கிரவுண்டு வளையத்தில் அதை மாட்டி, நுனியும் ஸ்பிரிங்கும் லோடின் இரு முனைகளைத் தொடும்படி வையுங்கள். வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். கிளிப்பை மாட்டிய அதே கிரவுண்டு புள்ளியில் ப்ரோப் நுனியையும் வையுங்கள். திரையில் நேர்கோடு வர வேண்டும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது அழகான சைன் அலை வந்தது, கிட்டத்தட்ட 3 வோல்ட். இரண்டும் ஒரே செப்புத் தகட்டில் இருக்கின்றன, அலை எங்கிருந்து வரும்? வயரும் ப்ரோப்பும் சேர்ந்து ஒரு வளையமாகி, அவுட்புட் காயிலின் காந்தப் புலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வயரை நகர்த்த நகர்த்த அலை ஏறி இறங்கியது. அதற்கு முன் பல மாதங்கள் நான் குறித்துவைத்த எண்களின் கதி என்ன என்று யோசித்தேன், நோட்டை மூடிவிட்டேன்.

ப்ரோப்பின் மேல் 600 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும் அது தாழ்ந்த அலைவரிசைக்குத்தான். மெகாஹெர்ட்ஸ் ஏற ஏறத் தாங்கும் வோல்ட்டேஜ் சரிந்துகொண்டே போகும், 30 மெகாஹெர்ட்ஸில் அதில் சிறு பகுதிதான் மிஞ்சும். 100 வாட் என்றால் 50 ஓமில் 200 வோல்ட் பீக்-டு-பீக். அந்த அளவுக்கு ப்ரோப்பை மறந்துவிடுங்கள்.

அப்புறம் ஸ்கோப்பின் அமைப்பு. 100 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் 100 மெகாஹெர்ட்ஸில் அது 70.7 சதவீதம்தான் காட்டும், பவர் பாதியாகிவிடும். 28 மெகாஹெர்ட்ஸுக்கு உங்கள் ஸ்கோப் போதும், 3 அல்லது 4 சதவீதம் குறைவாகக் காட்டலாம். இங்கேதான் நான் ஒருமுறை நன்றாகப் பட்டேன். இதே அலைவரிசையில் ஒரு ஆம்ப்ளிஃபையர் எதிர்பார்த்த பவரில் மூன்றில் ஒரு பங்குதான் காட்டியது. டிரான்சிஸ்டரை மாற்றினேன், டிரான்ஸ்ஃபார்மரை இரண்டு முறை புதிதாகச் சுற்றினேன். இரண்டு இரவு போன பிறகுதான் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன எழுத்து கண்ணில் பட்டது: 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட் ஆன். வேறு எதற்கோ போட்டதை எடுக்க மறந்திருக்கிறேன். சேனல் மெனுவுக்குள் போய் அது ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரோப் பெருக்கமும் அங்கேதான் இருக்கிறது, 10 எக்ஸ் ப்ரோப்புக்கு மெனுவில் 1 எக்ஸ் என்று இருந்தால் பவர் நூறு மடங்கு தப்பும். அது அப்பட்டமாகத் தெரிந்துவிடும் என்பதால் அபாயம் குறைவு.

திரையில் இரண்டு மூன்று சுற்றுகள் தெரியும்படி டைம்பேஸை வைத்து, அலை உயரத்தில் ஆறு கட்டமாவது நிரம்பும்படி செய்யுங்கள். 8 பிட் ஸ்கோப்பில் ஒரு கட்டத்துக்குள் அலையைச் சுருக்கி அளப்பது வீண். பீக்-டு-பீக் என்று ஸ்கோப் தானாகக் காட்டும் எண்ணில் இரைச்சலின் நுனிகளும் சேர்ந்திருக்கும், ஆவரேஜிங் போட்டுப் பாருங்கள்.

400-ஆல் வகுக்கும் கணக்கு சைன் அலைக்கு மட்டும்தான். ஹார்மோனிக்குகளை, அதாவது அடிப்படை அலைவரிசையின் மடங்குகளை, வடிக்கும் லோ-பாஸ் ஃபில்டருக்கு முன்னால் அளந்தால் அது செல்லாது. முழுச் சதுர அலை என்றால் அதே பீக்-டு-பீக்குக்கு உண்மையான பவர் இரண்டு மடங்கு, அதிலும் அடிப்படை அலைவரிசையில் இருப்பது 81 சதவீதம்தான். மீதி ஹார்மோனிக். ஆகவே எப்போதும் ஃபில்டருக்குப் பின்னால் அளங்கள். அலை ஒரு பக்கம் சாய்ந்தோ தலை தட்டையாகவோ இருந்தால் ஃபில்டரைக் கவனியுங்கள், பவர் கணக்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டம்மி லோடையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் மல்டிமீட்டரில் சரியாக 50 ஓம் காட்டும், 28 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு காயில். 1 கிலோஓம் 1 வாட் கார்பன் ஃபிலிம் இருபதை இணையாகப் பற்றவைத்தால் 50 ஓம், 20 வாட். உங்களுக்கு அது தாராளம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதையும் யோசியுங்கள். ஸ்கோப்பின் சொந்தத் தவறு 3 சதவீதம் என்றாலே பவரில் 6 சதவீதம் ஆகிவிடும். 4.5 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் வித்தியாசம் அரை டெசிபெல்கூட இல்லை, எதிர்முனையில் கேட்பவருக்கு எதுவும் தெரியாது. 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் நான் விட்டுவிடுவேன்.

இன்னும் மனம் ஆறவில்லை என்றால் ஸ்கோப்பே இல்லாத ஒரு வழியில் ஒப்பிட்டுப் பாருங்கள். லோடின் மேல் ஒரு 1என்4148 டையோடு, அதற்குப் பின் 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் கிரவுண்டுக்கு, அதன் மேல் மல்டிமீட்டர் டிசியில். 5 வாட் என்றால் அலையின் உச்சம் 22.4 வோல்ட், டையோடில் அரை வோல்ட் போக மீட்டரில் 22-க்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். இந்த டையோடை 10 வாட்டுக்கு மேல் பயன்படுத்தாதீர்கள், அலையின் உச்சத்தைப் போல இரண்டு மடங்கு அதன் மேல் பின்னோக்கி விழும், அது தாங்கும் பின்னோக்கு வோல்ட்டேஜ் 75 வோல்ட்தான்.

மூன்று ரெசிஸ்டர் வழியிலும் டையோடு வழியிலும் அளந்து, இரண்டு எண்ணையும், கேபிளைக் கழற்றிய பிறகு இழுக்கும் கரண்ட்டையும் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள். மூன்றும் 5 வாட் பக்கம் ஒத்துப்போனால் ஆம்ப்ளிஃபையரில் கை வைக்கவே வேண்டாம். ஒத்துப்போகாவிட்டால் ஃபில்டருக்குப் பின்னால் எடுத்த அலையின் படத்தையும் போடுங்கள், பார்க்கிறேன்.