கிராம சபையில் ‘குறைவெண் வரம்பு’ என்றால் என்ன? அது ஏன் வேண்டும்?

கிராம சபை நடவடிக்கை செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை வாக்காளர்கள் வந்திருக்க வேண்டும் என்ற கணக்குதான் அது, பேச்சுவழக்கில் ‘கோரம்’. தமிழ்நாட்டில் ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

காரணம் எளிது. வந்த நாலு பேர் முடிவெடுத்து ஊர்ப் பெயரில் எழுதிவிடக் கூடாது. செட்டிநாட்டில் பல பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் ஒருவர் மட்டும் தேக்குத் தூணை விலை பேச முடியுமா? அதே நியாயம்தான்.

நடைமுறையில் கோளாறு எங்கே? வந்தவுடன் கையெழுத்து வாங்குகிறார்கள். வரவு செலவு வாசிக்கும்போதே பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். தீர்மானத்துக்கு வரும்போது நாற்காலிகள்தான் மிச்சம். அதனால் முக்கியமானவற்றை முதலில் எடுப்பது நல்லது. ஒருவருக்கு மூன்று நிமிடம் போதும். தலைவர் குறுக்கே பேசாமல் கேட்டு, கோரிக்கையைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதச் சொன்னால் பாதிச் சண்டை வராது. ‘விளக்கு எரியவில்லை’ என்று எழுதினால் வேலை நடக்காது. ‘ஊருணி வடகரை, இரண்டு கம்பம்’ என்று இடத்தோடு எழுத வேண்டும். எழுதியதை அங்கேயே உரக்க வாசித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுவிடுங்கள். வெற்றிடம் விட்டால் பிறகு என்ன ஏறும் என்று யாருக்குத் தெரியும்!

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாலே எல்லாத் தீர்மானத்துக்கும் சம்மதித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது வந்ததற்கான அடையாளம் மட்டுமே, எதிர்ப்பு இருந்தால் அதையும் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம்.