விழப்போவது யார்?

அன்புள்ள அக்கா,

சின்ன பட்ஜெட்டில் எடுக்க ஓர் ஆக்‌ஷன் திரைக்கதை எழுதியிருக்கிறேன். நாயகி கறுப்பினப் பெண். அவளுடைய நண்பன் காது கேளாதவன். "இருக்கிற காசுக்குச் சண்டையை ஒழுங்காக எடு, பிரதிநிதித்துவமெல்லாம் பெரிய ஸ்டுடியோக்களுக்குத்தான் கட்டுப்படியாகும்" என்கிறார்கள் நண்பர்கள். சில பக்கங்களை இணைத்திருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
க.

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர்களுக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 'எல் மரியாச்சி' (1992) ஏறத்தாழ 7,000 டாலரில் எடுத்த படம். நாயகன் கார்லோஸ் கயார்டோ, மெக்சிகோக்காரர். ஸ்டுடியோ பணம் வந்து 1995இல் அதன் அடுத்த பாகமான 'டெஸ்பராடோ'வை எடுத்தபோது அதே வேடத்துக்கு ஸ்பெயினிலிருந்து அன்டோனியோ பண்டேராஸ் வந்தார். கயார்டோவுக்குச் சின்ன வேடம். பண்டேராஸ் நல்ல நடிகர்தான். ஆனால் காசு வந்ததும் முகம் மாறிவிட்டது, பாருங்கள். சரி, அதை விடுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் டூப் போடுகிறவர்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் ஒரு சண்டைப் படத்தைக் கேசட் தேயத் தேயப் பார்த்திருக்கிறேன். நாயகி கண்ணாடியை உடைத்துக்கொண்டு மாடியிலிருந்து குதிப்பாள். நானும் கட்டில்மேல் ஏறிக் குதித்துப் பழகினேன். ஒருநாள் சரியாக அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால், கோடு கோடாக நடுங்கும் படத்தில், பறக்கிற கூந்தலுக்குக் கீழே ஓர் ஆணின் தாடை! அன்று அழுதேன்.

ஹாலிவுட் ஸ்டண்ட் ஆட்களிடம் இதற்குப் பெயரே உண்டு: 'விக்கிங்'. ஆணுக்கு விக் மாட்டி நாயகிக்காக விழவைப்பது. வெள்ளைக்காரருக்குக் கறுப்புச் சாயம் பூசிக் கறுப்பின நடிகருக்கு டூப் போடவைத்தால் அது 'பெயின்ட் டவுன்'. கேட்டால், பயிற்சியுள்ள ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். வேலையே கொடுக்காமல் பயிற்சி எங்கிருந்து வரும்? கறுப்பின ஸ்டண்ட் கலைஞர்கள் 1967இல் தனியாகச் சங்கம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1970களில் குறைந்த செலவில் கறுப்பின ஆக்‌ஷன் படங்கள் வரிசையாக வந்தபோது அவற்றின் நட்சத்திர நாயகி பாம் கிரியருக்கு டூப் போட்டவர் ஜேடி டேவிட், அவரும் கறுப்பினப் பெண். கிரியரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜேடி டேவிட்?

போஸ்டரில் யார் முகம் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அடி வாங்குகிற உடம்பு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் ஒரே ஆளாக இருப்பது சின்னப் படத்துக்குத்தான் எளிது. 'தி ரெய்ட்' (2011) என்ற இந்தோனேசியப் படத்தின் நாயகன் இகோ உவைஸ், அந்த ஊர்த் தற்காப்புக் கலையான சிலாட் கற்றவர். சண்டை தெரிந்தவரையே நாயகனாகப் போட்டார்கள், அவ்வளவுதான். அதற்காக, காசில்லை என்று சொல்லி நடிகையையே மாடியிலிருந்து தள்ளிவிடாதீர்கள். அது அயோக்கியத்தனம்.

இப்போது கொஞ்சம் திட்டு. அந்தக் காது கேளாத பையனை 12ஆம் பக்கத்திலேயே கொன்றுவிட்டீர்களே! எதற்கு? நாயகிக்குக் கோபம் வர. அவனுக்கு ஒரு பெயர்கூட இல்லை. அடுப்பில் வைக்கிற விறகுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? குண்டுச் சத்தத்தில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அவர்கள் இரண்டு பேர் மட்டும் கையால் பேசித் திட்டம் போடலாம். ஒரு காசு செலவில்லை. உங்களுக்கு இது தோன்றவே இல்லையா?

அப்புறம், 41ஆம் பக்கத்தில் நாயகி மூன்றாவது மாடியிலிருந்து விழுகிறாள். விழப்போவது யார், அவருக்கு என்ன சம்பளம், கீழே என்ன விரித்திருப்பீர்கள்? அதை முதலில் எழுதி அனுப்புங்கள்.